மெமோ வந்த அன்றிரவே பதில் எழுதாதீர்கள்

வேலூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் முப்பத்திரண்டு ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஊசி, மாத்திரை, ஸ்கேன் என்று எத்தனையோ விலை உயர்ந்த பொருள்களைக் கையாண்டிருக்கிறேன். ஆனால் நான் கண்டவற்றிலேயே அதிக விலை கொடுக்க வைத்தது ஒரு வெள்ளைத் தாள். ஆரணிப் பக்கத்திலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகூட நிறையாத ஒரு பெண், அதில் மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். "என் கவனக்குறைவால் தவறு நடந்துவிட்டது. இனி இப்படி நடக்காது. மன்னித்துவிடுங்கள்."

முந்தைய இரவு அவள் வார்டில் ஒரு நோயாளிக்கு ஊசி மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியும் அவர் பிழைக்கவில்லை. உறவினர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். இரவு முழுவதும் கண் விழித்தவளைக் காலையில் அலுவலக அறையில் உட்கார வைத்து, "இதை எழுதிக் கொடுத்துவிடு, இதோடு முடிந்துவிடும்" என்றார்கள். அவளும் எழுதிக் கொடுத்தாள். முடியவில்லை. அந்த மூன்று வரியின் நகல் காவல் நிலையத்துக்குப் போனது, செவிலியர் பதிவைக் கவனிக்கும் நர்சிங் கவுன்சிலுக்குப் போன புகாரோடும் இணைக்கப்பட்டது. மருத்துவர் தொலைபேசியில் சொல்லித்தான் மருந்து கொடுத்தாள், முதலில் சோதனை டோஸ் போட்டுப் பார்த்தாள் என்பதெல்லாம் அந்தத் தாளில் இல்லை. அதிலிருந்து மீண்டுவர அவளுக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

அவளைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். செவிலியர் மீது தொழில்முறை விசாரணை என்றால் என்ன, அதில் தற்காப்பு என்பது எது என்பதை நமக்குப் பள்ளியிலும் கல்லூரியிலும் யாரும் சொல்லித் தருவதில்லை. மருத்துவர் இடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையில் 1909இலேயே செவிலியர் பள்ளி தொடங்கிய ஊர் இது. 1946இல் பட்டப்படிப்பும் வந்துவிட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக நாட்டுக்கே செவிலியர்களை அனுப்பும் ஊரில், விளக்கம் கேட்டு நிர்வாகம் தரும் ஒரு மெமோவுக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று தெரியாமல் பிள்ளைகள் அழுவது எனக்குப் பொறுக்கவில்லை.

வேலை வேறு, பதிவு வேறு. முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். படிப்பை முடித்ததும் சென்னை சாந்தோமில் இருக்கும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பெயரைப் பதிந்து ஆர்.என்.ஆர்.எம். (பதிவு பெற்ற செவிலியர், மகப்பேறு உதவியாளர்) எண் வாங்குகிறோம். ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கிறோம். அந்தப் பதிவேட்டில் பெயர் இருப்பதால்தான் நாம் செவிலியர். பஸ் ஓட்டுநரை நினைத்துக்கொள்ளுங்கள். பணிமனை அவரை நீக்கினாலும் ஓட்டுநர் உரிமம் அவர் சட்டைப் பையில்தான் இருக்கும், வேறு இடத்தில் வண்டி ஓட்டலாம். உரிமமே பறிபோனால் எந்தப் பணிமனையும் அவரைச் சேர்க்க முடியாது. மருத்துவமனை கொடுக்கும் மெமோ வேலையைத் தொடுகிறது. கவுன்சிலின் நோட்டீஸ் உரிமத்தைத் தொடுகிறது.

கவுன்சிலின் வேர் 1926ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் செவிலியர் சட்டத்தில் இருக்கிறது. தொழிலுக்குத் தகாத நடத்தை என்று முறையாக விசாரித்து முடிவு செய்தால் பதிவேட்டிலிருந்து ஒருவரின் பெயரை எடுக்கும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு. நாடு முழுமைக்குமான இந்திய நர்சிங் கவுன்சில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. அதன் இடத்தில் தேசிய ஆணையமும், மாநிலங்கள்தோறும் மாநில ஆணையமும், நெறிமுறைக்கும் பதிவுக்கும் தனி வாரியமும் அமைப்பதற்கான புதிய சட்டத்தை 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆகவே நோட்டீஸ் கைக்கு வந்ததும் அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். பதில் தர எத்தனை நாள், மேல்முறையீடு யாரிடம் என்பதெல்லாம் அந்த ஒரு வரியைப் பொறுத்தவை.

எப்படிப்பட்ட புகார்கள் பதிவையே அசைக்கும்? போலிச் சான்றிதழ், இன்னொருவர் பதிவு எண்ணில் வேலை செய்வது, குற்ற வழக்கில் தண்டனை, நோயாளியை அடிப்பது அல்லது இழிவாக நடத்துவது, மார்பின் போன்ற மருந்துகளின் கணக்கு இடிப்பது, மோசமான மருந்துப் பிழை. வார்டில் நோயாளியின் முகம் தெரியக் காணொளி எடுத்து வெளியிடுவதும் இந்த வரிசையில் சேர வேண்டியதுதான். இளையவர்கள் இதை விளையாட்டாக நினைக்கிறார்கள். நோயாளியின் அந்தரங்கம் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள்.

ஒரே சம்பவத்துக்காக நம்மைப் பல இடங்களில் கேள்வி கேட்கலாம். மருத்துவமனை துறைவிசாரணை வைக்கலாம். காவல்துறை வழக்குப் பதியலாம். குடும்பத்தினர் நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம், சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகள் வரை அவர்களுக்கு நேரம் உண்டு. கவுன்சில் தனியே விசாரிக்கலாம். ஓர் இடத்தில் சொன்னது மற்ற எல்லா இடங்களுக்கும் நடந்துபோகும். குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். துறைவிசாரணையில் அந்த அளவு ஆதாரம் தேவையில்லை, இப்படி நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தாலே போதும். அதனால்தான் நீதிமன்றத்தில் விடுதலையானவர்கூடத் துறைவிசாரணையில் தண்டனை பெறுவதுண்டு.

அடுக்கம்பாறை, குடியாத்தம் அரசு மருத்துவமனைகளிலோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசுப் பணியில் நிரந்தரமாக இருப்பவர்களுக்குக் கொஞ்சம் வலுவான வேலி உண்டு. அரசியலமைப்பின் 311ஆவது பிரிவுப்படி, குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரித்து, தங்கள் பக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் அவர்களைப் பொதுவாகப் பணிநீக்கம் செய்ய முடியாது. தமிழ்நாட்டில் சிறு தண்டனைக்கு 17(அ), பெரும் தண்டனைக்கு 17(ஆ) என்ற விதிகளின் கீழ் குறிப்பாணை வரும். அலுவலகங்களில் செவன்டீன் ஏ, செவன்டீன் பி என்பார்கள். செவன்டீன் பி என்றால் இது வேலையே போகக்கூடிய விவகாரம், சாதாரண மெமோ அல்ல என்று புரிந்துகொள்ளுங்கள். தற்காலிகப் பணிநீக்கத்தில் வைத்தால் பிழைப்பூதியம் (அந்தக் காலத்தில் பிழைப்புக்காகத் தரும் தொகை) கேட்டு எழுதுங்கள். அது உங்கள் உரிமை.

குற்ற வழக்கு பற்றி ஒரு செய்தியைச் செவிலியர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கவனக்குறைவால் மரணம் என்பதற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றச் சட்டத்தின் 106(1) பிரிவு இருக்கிறது. பொதுவாக ஐந்து ஆண்டு வரை சிறை. பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்ததென்றால் இரண்டு ஆண்டு வரைதான். அந்தச் சலுகைக்கான விளக்கத்தில் மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள் மட்டுமே வருகிறார்கள், செவிலியர் வரவில்லை. ஒரே வார்டில், ஒரே மேசையருகில், ஒரே நோயாளியின் மரணத்தில், மருத்துவருக்கு ஓர் அளவு, செவிலியருக்கு அதைவிடக் கடுமையான ஓர் அளவு! இது நியாயமல்ல என்பது என் உறுதியான கருத்து. செவிலியர் சங்கங்கள் இதை விடாமல் கேட்க வேண்டும்.

அதே நேரம் அஞ்சி நடுங்கவும் தேவையில்லை. இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். உச்ச நீதிமன்றம் 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் ஒன்றைத் தெளிவாக்கியது: சிகிச்சையில் நேர்ந்த ஒவ்வொரு பிழையும் குற்றமாகாது, குற்றமாக வேண்டுமானால் அது மிக மோசமான அலட்சியமாக இருக்க வேண்டும், புகாரை ஏற்கும் முன் அதே துறையைச் சேர்ந்த சார்பற்ற மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும். அது மருத்துவர் ஒருவரின் வழக்கு. அதன் நியாயம் செவிலியருக்கும் பொருந்தும் என்று உங்கள் வழக்கறிஞர் எடுத்து வைக்க வேண்டும். சாட்சியாக விசாரிக்கப் பெண்களைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்ல முடியாது, அவர்கள் வசிக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். விசாரணையில் காவலர் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

இனி அந்த வெள்ளைத் தாளுக்கு வருகிறேன். பாதி வழக்கு அங்கேதான் முடிவாகிறது.

உண்மையை மறைக்கச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். தவறான மருந்து ஏறிவிட்டது என்று தெரிந்த நொடியில் மருத்துவரைக் கூப்பிட்டு, எதை, எவ்வளவு, எப்போது கொடுத்தேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த நேரத்தில் ஒளிப்பவர் செவிலியரே அல்ல, நோயாளியின் உயிர் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்குகிறது. ஆனால் நோயாளிக்காக உண்மையைச் சொல்வது ஒன்று, களைத்துப்போய், பயந்துபோய், இன்னொருவர் சொல்லச் சொல்ல "அலட்சியம்", "கவனக்குறைவு" என்று எழுதிக் கொடுப்பது வேறு. அலட்சியம் என்பது சட்டத்தின் சொல். அது அலட்சியம்தானா என்று தீர்மானிக்க வேண்டியது விசாரணை. நீங்கள் எழுத வேண்டியது நடந்ததை மட்டும்.

மெமோ கையில் கிடைத்தால், தேதியும் நேரமும் குறித்து, "பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்திடுங்கள். வாங்க மறுக்காதீர்கள், அது கீழ்ப்படியாமை என்று தனிக் குற்றச்சாட்டாகும். பிறகு ஒரு சிறு கடிதம்: புகாரின் நகல், அன்றைய கேஸ் ஷீட் (நோயாளியின் சிகிச்சைப் பதிவு), மருந்து ஆணை, ரிப்போர்ட் புத்தகம், டூட்டி அட்டவணை ஆகியவற்றின் நகல்கள் வேண்டும், அவற்றைப் பார்த்துப் பதில் தரக் கால அவகாசம் வேண்டும். கொடுக்க மறுத்தால் மறுத்ததே உங்களுக்குச் சான்று. குற்றச்சாட்டையும் ஆதாரத்தையும் காட்டாமல் ஒருவரைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு மாறானது என்று உயர் நீதிமன்றம் வரை போய்ச் சொல்லலாம்.

விளக்கத்தைத் தமிழில் எழுதுங்கள். மெமோ ஆங்கிலத்தில் வந்திருக்கும், அதனால் பதிலையும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று பிள்ளைகள் தவிக்கிறார்கள். பேரணாம்பட்டிலும் போளூரிலும் தமிழ் வழியில் படித்து வந்த பெண், இரவல் ஆங்கிலத்தில் எழுதும்போது தான் சொல்ல நினைக்காததையெல்லாம் ஒப்புக்கொண்டுவிடுகிறாள். மருந்தின் பெயரையும் அளவையும் கேஸ் ஷீட்டில் உள்ளபடியே எழுதிவிட்டு, மற்றதை நம் மொழியில் சொன்னால் போதும். எத்தனை மணிக்கு வார்டைப் பொறுப்பேற்றேன், எத்தனை நோயாளிகள் இருந்தார்கள், யார் எப்போது என்ன ஆணையிட்டார், நான் எதைப் பார்த்தேன், எதைச் செய்தேன், மாற்றம் தெரிந்ததும் யாரை எப்போது அழைத்தேன். இந்த வரிசையில் போகட்டும். பக்கத்துப் படுக்கைச் செவிலியர் மீதோ மருத்துவர் மீதோ ஊகித்துப் பழி போடாதீர்கள். நினைவில் இல்லாததை நினைவில் இல்லை என்றே எழுதுங்கள்.

நோயாளிகளின் எண்ணிக்கையை ஏன் எழுதச் சொல்கிறேன் என்றால், ஆரணிப் பெண்ணைக் கடைசியில் மீட்டது அதுதான். இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்படி, பொது வார்டில் பயிற்சி மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிக்கு ஒருவர். அன்றிரவு அவள் ஒருத்தியின் பொறுப்பில் முப்பத்தெட்டு பேர் இருந்தார்கள். டூட்டி அட்டவணையையும் படுக்கைக் கணக்கையும் பக்கத்தில் பக்கம் வைத்துக் காட்டியபோதுதான் விசாரித்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவரின் பிழை என்று வந்த கோப்பு, ஓர் அமைப்பின் பிழையாகத் திரும்பியது. இந்தக் கணக்கு உங்கள் முதல் விளக்கத்திலேயே இடம்பெறட்டும்.

கேஸ் ஷீட்டைத் தொடாதீர்கள். எழுத விட்டுப்போனதை நினைவு வந்தவுடன் சேர்க்கலாம், ஆனால் "தாமதப் பதிவு" என்று தலைப்பிட்டு, எழுதும் தேதியையும் நேரத்தையும் போட்டுத்தான் சேர்க்க வேண்டும். பழைய வரிகளுக்கு நடுவே செருகுவதும், வெள்ளை மை பூசுவதும், தாளை மாற்றுவதும் சிறு பிழையைப் பெரிய குற்றமாக்கிவிடும். நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்தில் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது. எனவே முதல் நகல் அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கலாம். உங்கள் தற்காப்புக்காக என்றாலும் கேஸ் ஷீட்டைக் கைபேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். நகல் வேண்டுமானால் எழுதிக் கேளுங்கள்.

தொலைபேசி ஆணை பற்றியும் சொல்லியாக வேண்டும். இரவில் மருத்துவர் தொலைபேசியில் சொல்வார், நாம் கொடுப்போம், காலையில் கையெழுத்து வாங்க மறந்துவிடுவோம். அந்த மறதிதான் விசாரணையில் "ஆணை இல்லாமல் கொடுத்தார்" என்று மாறுகிறது. கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தி, நேரத்தோடு எழுதி, அடுத்த சுற்றிலேயே கையெழுத்து வாங்குங்கள்.

மருத்துவமனையின் வழக்கறிஞர் உங்கள் வழக்கறிஞர் அல்லர். இதைச் சொன்னால் பலருக்கு மனம் வருந்துகிறது, "எங்கள் நிர்வாகம் எங்களைக் கைவிடாது" என்கிறார்கள். நல்ல நிர்வாகங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இருவர் நலனும் எல்லா இடத்திலும் ஒன்றாக இராது. ஊழியர் செய்த பிழைக்கு இழப்பீடு தரும் பொறுப்பு மருத்துவமனையையே சேரும் என்பது சட்டம். 1998இல் ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத்தான் உறுதி செய்தது. டைபாய்டுக்குச் சேர்க்கப்பட்ட ஒரு குழந்தைக்கு வேறு மருந்து நரம்பில் செலுத்தப்பட்டு மூளை பாதிக்கப்பட்டது, ஊசி போட்டவர் பதிவு பெற்ற செவிலியரே அல்லர் என்பதும் வெளிவந்தது. பணம் நிர்வாகம் கட்டும், சரி. ஆனால் "நாங்கள் விதிகளை வைத்திருந்தோம், அவர்தான் மீறினார்" என்று சொல்வது அவர்களுக்கு லாபமாகும் ஒரு கட்டம் வரலாம். பதிவு போனால் போவது உங்களுடையது மட்டும்.

எனவே தனி வழக்கறிஞர் வேண்டும். துறைவிசாரணை அறைக்குள் வழக்கறிஞரை அழைத்துச் செல்வது பொதுவாக உரிமையாகக் கிடைக்காது, சக ஊழியர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். எதிர்த்தரப்பில் சட்டம் படித்தவரை நிறுத்திவிட்டு உங்களுக்கு மட்டும் மறுத்தால் அது நியாயமல்ல என்று உச்ச நீதிமன்றம் 1983இலேயே ஒரு துறைமுக ஊழியர் வழக்கில் சொல்லியிருக்கிறது. அறைக்கு வெளியே இருந்தாலும் வழக்கறிஞரின் வேலை பெரிது: பதிலை வாசித்துத் திருத்துவது, சாட்சிகளிடம் என்ன கேட்க வேண்டும் என்று தயார் செய்வது, விசாரணை முறை தவறினால் அன்றே எழுத்தில் ஆட்சேபம் பதிய வைப்பது. பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் தொழில்சார் பொறுப்புக் காப்பீடு விற்கின்றன. வாங்கும்போது இழப்பீடு மட்டுமா, கவுன்சில் விசாரணைக்கான வழக்கறிஞர் செலவும் சேருமா என்று கேட்டு வாங்குங்கள்.

லண்டனுக்கோ வளைகுடாவுக்கோ போக நினைப்பவர்களுக்குப் பதிவு இன்னும் அருமையானது. காட்பாடி ரயில் நிலையத்தில் பெட்டியோடு நிற்கும் நம் பெண்கள் எத்தனை பேர்! நம் கவுன்சில் தரும் நற்சான்று இல்லாமல் பல நாடுகளில் கதவே திறக்காது. அங்கே போனபின் அந்த நாட்டுப் பதிவாளர்தான் உங்களை விசாரிப்பார். பிரிட்டனில் விசாரணை முடியும் முன்பே 18 மாதம் வரை இடைக்காலத் தடை போடலாம். முடிவில் எச்சரிக்கை, நிபந்தனையோடு பணி, ஓராண்டு வரை இடைநிறுத்தம், பெயர் நீக்கம் என்று படிகள் உண்டு. பெயர் நீக்கப்பட்டால் திரும்பச் சேர ஐந்து ஆண்டு கழித்துத்தான் விண்ணப்பிக்க முடியும். மேல்முறையீட்டுக்கு 28 நாள்தான். விண்ணப்பப் படிவத்தில் "உங்கள் மீது இதற்கு முன் விசாரணை இருந்ததா" என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பழைய மெமோவை மன்னிப்பார்கள், மறைத்ததை மன்னிக்க மாட்டார்கள்.

"வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் எங்கே அக்கா?" என்று என்னிடம் கேட்காத செவிலியர் இல்லை. ஒப்பந்தச் சம்பளத்தில் இருப்பவர்களின் கவலை எனக்குத் தெரியும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண் என்றாலே வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படியே. வேலூரில் அதற்குச் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்குப் போக வேண்டும். ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைக்காரர்கள் தங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். போகும்போது பதிவுச் சான்றிதழ், நியமன ஆணை, மெமோ அல்லது நோட்டீஸ், அது வந்த உறை, அன்றைய நிகழ்வை நீங்கள் தேதி நேரத்தோடு வீட்டில் உட்கார்ந்து எழுதிய குறிப்பு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். உறையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், நோட்டீஸ் எப்போது அனுப்பப்பட்டது என்பதற்கு அதன் மேல் இருக்கும் தபால் முத்திரை ஒரு சான்று.